பார்வைக்கு அனுப்பிய பொம்மை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் சட்டை தைத்துக் கொடுத்த லெத்தீசியாவை ஓர் இடத்தில் இருத்திக் கதைப்பது லேசான வேலை இல்லை. தையல் மெஷினில் இருந்தாலும் தலையும் தோளும் ஆடிக்கொண்டே இருக்கும். அளவெடுக்கும்போது உங்களை நிற்கச் சொல்லிவிட்டு அவள் உங்களைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். "எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் நில்லும் பிள்ளை" என்று ஒருநாள் நான் எரிந்து விழுந்தேன். "நான் நிண்டது காணும் அக்கா" என்று சிரித்தாள். பிறகு, மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், தான் நின்ற கதையைச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் நனைந்து மங்கிக் கிடந்தது. அதனாலோ என்னவோ, அந்தக் கதை இன்றைக்கும் எனக்குப் பாதி கனவாகத்தான் மனதில் இருக்கிறது. மற்றப் பாதியை நினைத்தால் கோபம் வருகிறது.

லெத்தீசியா பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பன் யேசுரட்ணம் துறைமுகத்தில் வேலை. வருடா வருடம் வேதக் கோவில் திருநாளுக்குக் காட்சி வண்டிகள் தெருச் சுற்றும். சோடித்த வண்டியில் பிள்ளைகளை இறக்கை கட்டிய சம்மனசுகளாகவும் புனிதர்களான அர்ச்சிஷ்டவர்களாகவும் உடுத்தி நிறுத்திவிடுவார்கள். சுற்று முடியும்வரை ஆடக்கூடாது, அசையக்கூடாது. மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சொறியும், தாயைத் தேடும், சில அழுதே விடும். லெத்தீசியா மட்டும் கோவில் சுரூபம் தோற்றுப்போக நிற்பாள். ஈ வந்து கண்ணிமையில் இருந்தாலும் சரி. "யேசுரட்ணத்தின்ர மகள் நிண்டால் கல்லு" என்று தெருவே சொல்லும். தாய்க்கு அந்தப் பெருமையிலேயே அரை வயிறு நிறைந்துவிடும்.

அவளுக்கு இருபத்தொரு வயது நடந்தபோது யேசுரட்ணத்தின் காலில் ஒரு பெட்டி விழுந்து, துறைமுக வேலை போயிற்று. அது முப்பத்தெட்டாம் ஆண்டு. அந்த வருடத் திருநாளை வேடிக்கை பார்க்க வந்திருந்தார் ஹெக்டர். அவர் புறக்கோட்டையில் ஒரு பெரிய புடவைக் கடைக்கு மனேஜர். கல்கத்தாவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். தலை நிறைய எண்ணெய், எண்ணெய்க்குள்ளே யோசனைகள். கடையின் முன் ஜன்னலில் வைப்பதற்குச் சீமையிலிருந்து இரண்டு மெழுகுப் பொம்மைகளை வரவழைத்திருந்தார். சித்திரை வெயில் அவற்றைக் கவனித்துக்கொண்டது. ஒன்றுக்கு மூக்கு இறங்கியது, மற்றதுக்குக் கன்னம் வழிந்து தோளில் சேர்ந்தது. அந்த நேரத்தில்தான் வண்டியின் மேலே, வெயிலில், உருகாமல் நின்ற லெத்தீசியாவை ஹெக்டர் கண்டார்.

அடுத்த கிழமையே வீடு தேடி வந்தார். மகளுக்கு ஜன்னலில் நிற்கிற வேலை, தகப்பனுக்கு அதே கடையில் வாசல்காரன் வேலை, காக்கிக் கோட்டும் தொப்பியும். யேசுரட்ணம் காலை நீட்டிக்கொண்டு யோசித்தார். தாய் யோசிக்கவே இல்லை. சும்மா நிற்கிற வேலைதானே, பிள்ளை சின்ன வயதிலிருந்து செய்கிறதுதானே என்றாள். நிற்பது என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது கோவில் காரியம். முதல் நாள் காலையில் மகளை ஒருசந்தி உபவாசம் இருக்க வைத்து, செபம் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினாள்.

முதல் நாள் ஹெக்டர் உடுத்தக் கொடுத்தது நீல நிறப் பட்டு. முக்காடு மாதா சுரூபத்துக்குப்போலத் தோளில் இறங்கியிருந்தது. திரை விலகியபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டாஞ்சேனைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரோடு தாய் நின்றாள். நின்றவள் அப்படியே நடைபாதையில் முழந்தாளில் இருந்தாள். மற்றவர்களும் இருந்தார்கள். செபமாலை தொடங்கிவிட்டது. ஒருத்தி மெழுகுதிரியும் கொளுத்தி வைத்தாள். தெருவால் போன ட்றாம் வண்டிக்காரன் என்ன ஏது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினானாம். லெத்தீசியாவுக்கு உள்ளே சிரிப்புப் பொங்கியது. ஆனால் உதடு அசையவில்லை.

ஹெக்டர் வாசலுக்கு ஓடிவந்தார், கூட்டத்தைப் பார்த்தார், கலைக்கவில்லை. கூட்டம் எதற்காகக் கூடினால் என்ன, கூடினால் சரி என்பது அவருடைய வேதம். ஜன்னலில் இருப்பது மெழுகா மனுஷியா என்று இரண்டு பேர் சண்டை பிடிப்பது அவருடைய காதில் விழுந்தது. மறுநாள் ஜன்னலுக்கு மேலே பலகை ஏறியது: பொம்மையா, பெண்ணா? கடையில் சாமான் வாங்குகிறவருக்கு ஒரு துண்டுக் கடதாசி. அதில் பதிலை எழுதிப் போடலாம், போட்டி முடிவில் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. கடைக்குள்ளே எல்லாருக்கும் கட்டளை: அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சுவருக்கும் காது உண்டு, பொம்மை என்றே சொல்லவேண்டும். தகப்பனுக்கும் அதே கட்டளைதான்.

"பொய் சொல்ல மாட்டன் அக்கா, தொடக்கத்தில எனக்குப் பிடிச்சது" என்றாள் லெத்தீசியா. கண்ணாடிக்குள் சத்தம் வராது. வெளியே புறக்கோட்டை முழுவதும் வாயை வாயை அசைத்துக்கொண்டு போகும். ட்றாம் வண்டி மெல்ல மிதந்து வரும், நிற்கும், மிதந்து போகும். உச்சி வெயில் கண்ணாடியில் பட்டதும் தெரு வெள்ளையாகி மறைந்துவிடும். அப்போது அவள் எங்கேயாவது போய்விடுவாள். சில நாள் கடலுக்கு அடியில் நடப்பாள். சில நாள் யாரும் இல்லாத ஒரு பெரிய வீட்டின் அறைகளைத் திறந்து திறந்து பார்ப்பாள். திரை மூடியபிறகு திரும்பி வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பட்டும் சரிகையும் உடுத்தி நிற்க, ஒரு ஊரே தன்னைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? எனக்கென்றாலும் பிடித்திருக்கும்.

பட்டு மெல்ல மெல்ல மெலிந்தது. நீலப் பட்டு போய் ஜோர்ஜெட் வந்தது. பிறகு கை இல்லாத சட்டை. பிறகு அதற்கும் மெல்லியது. வெட்கப்படுகிற மாதிரி தலையைச் சரித்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, உதட்டுக்குச் சிவப்புப் பூசி நிற்க வைத்தார் ஹெக்டர். "லிசன் மிஸ், உடுப்பு விக்கவேணும் எண்டால் உடுப்பை மட்டும் காட்டக் காணாது" என்று விளக்கமும் சொன்னார். நடைபாதையில் பெண்கள் குறைந்து ஆண்கள் கூடினார்கள். தாய் ஒருநாள் வந்தாள், பார்த்தாள், முழந்தாளில் இருக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தன் தோளை மூடிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை, வீட்டிலும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யேசுரட்ணம் வாசலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அது பொம்மைதான் என்று அந்த மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

வெளிச் சத்தம் கேட்காவிட்டாலும் வாய்கள் என்ன சொல்கின்றன என்று லெத்தீசியாவுக்குப் புரியத் தொடங்கியது. கடலுக்கு அடியில் போகலாம் என்றால் கடல் வரவில்லை. அந்தப் பெரிய வீட்டின் அறைகளிலும் ஆட்கள் வந்து நின்றுகொண்டார்கள். ஒருநாள் திரை மூடியபிறகு தகப்பனிடம் போய், "அப்பா, நான் இனி நிக்கமாட்டன்" என்றாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கடைக்குள்ள கதைக்காதை" என்றார். அவ்வளவுதான். அவள் சொன்னதற்கு அதுதான் பதில் என்று அவள் நெடுநேரம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டாள்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. அது போட்டியின் கடைசி நாள். துண்டு வைத்திருக்கிற ஆண்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குள் ஏறி, மெழுகா சதையா என்று தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று பலகையில் புதிதாக எழுதியிருந்தது. லெத்தீசியா ஹெக்டரிடம் போய் ஏலாது என்றாள். "ஒரு விரலால்தானே" என்றார் அவர். "பொம்மைக்கு என்ன கூச்சம்? நீ அசைஞ்சால் போட்டி முடிஞ்சுது. நாளைக்கு வாசலில வேற ஆள் நிப்பான். உன்ர அப்பாவின்ர காலுக்குத் துறைமுகத்தில வேலை இருக்கோ எண்டு போய்க் கேட்டுப் பார்." சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

திரை விலகியது. அன்றைக்கு உடுத்தியிருந்தது படுக்கையறைக்கான பட்டு. வாசலிலிருந்து தெருமுனைவரை வரிசை. வரிசையை ஒழுங்குபடுத்தி ஒவ்வொருவராக உள்ளே விடுகிற வேலை வாசல்காரனுடையது. யேசுரட்ணம் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நொண்டிக் காலோடு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். தகப்பன் கையை உயர்த்தி முதல் ஆளை உள்ளே விடுவதை லெத்தீசியா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதைப் பார்த்த நேரத்தில்தான் உள்ளே ஏதோ அணைந்தது. இனி யார் தொட்டாலும் தெரியாது என்று நினைத்தாளாம்.

அந்த நேரத்தில் ஜன்னல்களுக்குத் திரை கட்டிய ஒரு கார் வந்து கடை முன்னால் நின்றது. கொள்ளுப்பிட்டி ஹமீமா உம்மாவின் கார். அந்தக் கடைக்கு அவரைவிடப் பெரிய வாடிக்கை இல்லை. மகள் லுத்பியாவின் கலியாணத்துக்கு வீடு நிறையப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார். வேற்று ஆண்களின் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் கடைக்குள் வரமாட்டார்கள். விற்பனையாள் பலீல் காரடிக்குப் போய்த் திரைக்கு வெளியே நின்று கேட்பார். வேண்டிய சாமானைக் கடை வான் வீட்டுக்குக் கொண்டுபோகும். பெண்கள் ஆறுதலாக விரித்துப் பார்ப்பார்கள், பிடித்தது நிற்கும், பிடிக்காதது திரும்பி வரும். பார்வைக்கு அனுப்புவது என்று அதற்குப் பேர். கேட்ட சாமானை அனுப்ப ஏலாது என்று எந்தக் கடையும் சொன்னதில்லை.

ஹமீமா உம்மா திரையின் நூல்களுக்கிடையால் ஜன்னலைப் பார்த்தார். நகரத்தின் அரட்டை அவருடைய வீட்டுக்குள் போவதில்லை. போட்டி, துண்டு, பலகை ஒன்றும் அவருக்குத் தெரியாது. சீமைப் பொம்மை வந்திருக்கிறது என்று மட்டும் எப்போதோ கேள்விப்பட்டிருந்தார்.

"பலீல், அந்தப் பொம்மய அப்படியே ஊட்டுக்கு அனுப்புங்க" என்றார். "புள்ளைக்கு உடுத்திக் காட்டினாத்தான் எது நல்லம் எண்டு பாக்கலாம். பாத்துட்டுத் திருப்பி அனுப்புறன்."

பலீலுக்கு அது யார் என்று தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் உம்மா வாயில் கைவைத்திருப்பார். அந்தச் சொல்லைப் பலீல் சொல்லவில்லை. "சரி உம்மா" என்று திரும்பி, கடை வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "சேர், கொள்ளுப்பிட்டி உம்மா பொம்மையப் பார்வைக்குக் கேக்கிறாங்க" என்று கூவினார். முதல் ஆள் அப்போது ஜன்னல் படியில் ஒரு கால் வைத்திருந்தான்.

ஹெக்டருடைய முகத்தை அன்றைக்குப் பார்க்கக் கிடைக்காதது எனக்கு இன்றைக்கும் குறைதான். பெண் என்று சொன்னால் போட்டி அங்கேயே செத்தது. அனுப்ப ஏலாது என்றாலும் அதே கதிதான். வரிசையில் நின்றவர்கள் வேறு, "பொம்மை எண்டால் அனுப்பும் ஐயா! என்ன பயம்?" என்று கைதட்டினார்கள். ஹெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பின்னேரம் போட்டி தொடரும் என்று அறிவித்தார். திரை மூடியது. மூட்டை தூக்கும் நாட்டாமிகள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். விறைத்து நின்றவளை வெள்ளைத் துணியால் தலையிலிருந்து கால்வரை சுற்றிப் பலகையில் கிடத்தினார்கள். அவர்களில் ஒருவன் சிங்களவன், குனிந்து காதடியில், "பய வெண்ட எபா, நங்கி" என்றான். பயப்படாதே தங்கச்சி என்று அந்தக் கடையில் அவளுக்குச் சொன்ன ஒரே மனுஷன் அவன்தான்.

வானுக்குள் இருட்டு. புதுத் துணி வாசம். பக்கத்தில் அடுக்கிய புடவைக் கட்டுகள் வளைவுகளில் அவள்மேல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. அவளும் ஒரு கட்டாகக் கிடந்தாள். எங்கேயோ கோவில் மணி கேட்டது, பிறகு கடல் கேட்டது. நான் செத்துப்போனேனா, என்னை அடக்கம் பண்ணக் கொண்டுபோகிறார்களா என்று நிதானமாக யோசித்தாளாம். பயமே வரவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் லெத்தீசியா தையலை நிறுத்தினாள்.

கொள்ளுப்பிட்டி வீட்டில் உள்ளறைக்கு ஆண்கள் வருவதில்லை. நாட்டாமிகள் நடையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போக, பெண்கள் சிரித்துக்கொண்டு உள்ளே தள்ளிக் கொண்டுபோய்த் துணியைப் பிரித்தார்கள். "யா அல்லாஹ், என்ன சோக்கான மூக்கு!" என்றாள் ஒருத்தி. கலியாணப் பெண் லுத்பியா ஒரு மெரூன் பட்டை எடுத்து அவள் தோளில் போட்டு, நழுவாமல் இருக்க ஊசியைக் குத்தினாள். ஊசி பட்டையும் தாண்டித் தோளுக்குள் போயிற்று. லெத்தீசியா அசையவில்லை. அசையாமல் இருக்கவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. எப்படி அசைவது என்று மறந்துபோயிருந்தது.

பட்டில் ஒரு சிவப்புப் பொட்டு ஊறியது.

"உம்மா! பொம்மையில ரத்தம்!"

அறை முழுக்கக் கூச்சல். ஓடியவர்கள் ஓட, ஹமீமா உம்மா மட்டும் கிட்ட வந்து கன்னத்தில் கை வைத்தார். சூடு. கண்ணைப் பார்த்தார். திறந்திருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, முகம் அப்படியே இருந்தது. "இது புள்ளடி! உசிரோட ஈக்கிற புள்ள!" என்று கத்தினார். தன் தலையிலிருந்த முக்காட்டை இழுத்து அவளைப் போர்த்தினார். பாயில் இருத்தி, காலைத் தேய்த்து, கையைத் தேய்த்து, வெந்நீர் பருக்கினார். அந்த மெல்லிய பட்டைப் பார்த்துக் கலியாண வீட்டுக்கு நல்லது என்று காலையில் தானும் ஆசைப்பட்டதை நினைத்தாரோ என்னவோ, "இப்படி ஒண்டக் காட்டியா எங்களுக்கு யாவாரம் பண்ணினானுவள்" என்று அழுதுகொண்டே ஏசினார். லெத்தீசியாவுக்குக் குரல் வர வெகு நேரம் எடுத்தது. வந்ததும் பேரைச் சொன்னாள். அதுவரை அவளுடைய பேரை யாரும் கேட்டிருக்கவில்லை, லுத்பியாதான் முதலில் கேட்டாள்.

லுத்பியாவின் பருத்திச் சேலையை உடுத்தி, சோறு தின்று, அவள் சாய்ந்திருந்தபோது வெளிவாசலில் யாரோ தட்டினார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நொண்டி நடை எந்தக் காலில் விழுகிறது என்று லெத்தீசியாவுக்குத் தெரியும். எழுந்து திரையடிக்கு வந்தாள்.

"கடையிலயிருந்து வந்தனான் அம்மா" என்றது யேசுரட்ணத்தின் குரல். "காலமை பார்வைக்கு அனுப்பின பொம்மையைத் திருப்பிக் கொண்டுவரட்டாம்."

ஹமீமா உம்மா வாயைத் திறந்தார். லெத்தீசியா அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இஞ்ச பொம்மை ஒண்டும் இல்லை அப்பா."

அவர் குரலைத் தாழ்த்தி, "லெத்தி, துரை கடை வாசலிலயே நிக்கிறார் பிள்ளை. சனம் கலையேல்லை. இண்டைக்கு மட்டும்…" என்றார்.

"நீங்கள் ஆரைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள், அப்பா? அதைச் சொல்லுங்கோ."

அவர் படியில் இறங்குவது கேட்டது, ஒரு கால், பிறகு மற்றக் கால். முற்றத்து மணல் நெரிந்தது. போய்விட்டார் என்று லெத்தீசியா நினைத்தாள். திரையைப் பிடித்தபடி நின்றாள். உம்மா அவளுடைய முதுகைத் தடவி, "நீங்க இங்கயே இரிங்க மகள்" என்றார். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது படியால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மணல் மறுபடியும் நெரிந்தது. நொண்டிக் கால் படியேறி வந்தது. புதிதாக வந்த ஆள்போலக் கதவை மறுபடியும் தட்டினார். திரையின் ஓட்டையால் பார்த்தாள். காக்கிக் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். உள்ளே போட்டிருந்த பழைய பெனியனில் தோள் கிழிந்திருந்தது.

"ஆரது?" என்று ஹமீமா உம்மா கேட்டார்.

"யேசுரட்ணம், கொட்டாஞ்சேனை" என்றார் அவர். உரக்கத்தான் சொன்னார். "என்ர மகள் உங்கட வீட்டில நிக்கிறாளாம் அம்மா. கூட்டிக்கொண்டு போக வந்தனான்."